காய்க்கிற பலாவை வெட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை

இந்த வாரம் மல்லாட்டை களையெடுப்பு பத்தி எழுதலாம்னு உட்கார்ந்தேன். ஆனா மனசு அதுல போகலை. ரெண்டு நாளா காதுல மிஷின் வாள் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருக்கு. அதனால மல்லாட்டை அடுத்த வாரம். இன்னைக்குப் பலா.

எங்க கொல்லைக்கு வடக்கால கொல்லை, முறையில எனக்கு மச்சான் ஆகிறவருடையது. அதுல 11 பலா மரம் நின்னுது. எல்லாம் அவங்க தாத்தா காலத்துல கொட்டை போட்டு வந்த மரம். ரெண்டு பேர் கை கோர்த்தாத்தான் கட்டிப்பிடிக்க முடியும், அவ்வளவு பருமன். போன செவ்வாய்க்கிழமை தரகர் வந்தார், புதன்கிழமை ஆள் வந்துது, வியாழக்கிழமை சாயந்திரம் 11 மரமும் லாரியில ஏறிடுச்சு. அதுல நாலு மரத்துல அடித்தண்டுல பிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துது. அந்தப் பிஞ்சை ஆடு தின்னுது.

மச்சான்கிட்ட நான் சண்டை போடலை. அவர் மரம், அவர் கொல்லை. ஆனா மரம் ஏத்தும்போது அங்க நின்ன நாலஞ்சு பேர் பேசினதைக் கேட்டப்புறம்தான் இதை எழுதணும்னு தோணுச்சு. ஒருத்தர் சொல்றார், "இதெல்லாம் கிழட்டு மரம், இனி என்னத்த காய்க்கும்." இன்னொருத்தர், "இப்ப வியட்நாம் கன்னு வந்திருக்கு, ஒண்ணரை வருஷத்துல காய்ச்சிடும், இதை வச்சிக்கிட்டு என்ன பண்றது." மூணாவது ஆள், "பலாவுல என்னய்யா காசு, தைலமரம் போட்டா அஞ்சு வருஷத்துக்கு ஒருவாட்டி முழுசா கையில வரும்."

இந்த மூணு பேச்சும் தப்பு. ஏன் தப்புன்னு ஒவ்வொண்ணா சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச பத்தாவது வகுப்புக் கணக்கே இதுக்குப் போதும்.

முதல்ல காசு கணக்கு. 11 மரத்துக்கும் சேர்த்து அவருக்குக் கிடைச்சது 1,65,000 ரூபாய். மரத்துக்கு 15,000. பார்க்கப் பெரிய தொகைதான். இப்ப காய் பக்கம் வாங்க. அந்த மரங்கள் நடுத்தரமான வருஷத்துல தலைக்கு 40 காய் காய்க்கும். எங்க கொல்லை மரம் மாதிரிதான் அதுவும், எனக்குத் தெரியும். பெரிசும் சிறிசுமா கலந்து கொல்லையிலேயே வச்சு வித்தாலும் காய்க்கு 60 ரூபாய் நான் வாங்கியிருக்கேன். 40 காய்க்கு 2,400. 11 மரத்துக்கு 26,400. அப்ப ஆறேகால் வருஷக் காய், மரத்தை வெட்டி வித்த காசுக்குச் சமம். ஆறேகால் வருஷம் கழிச்சு மரம் அங்கேயே நிக்கும். கட்டை இன்னும் பருத்திருக்கும், வைரம் ஏறியிருக்கும். காய்ப்பும் நிக்காது. கட்டை விலை வேணும்னா அன்னைக்கும் அது நம்ம கையிலதான் இருக்கும்.

"அப்ப உன் மச்சானுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?" அப்படின்னு கேப்பீங்க. தெரியும். ஆனா அவர் போடுற கணக்கு வேற. அவருக்கு மரத்துக்கு 2,400 வரலை. 1,000 ரூபாய்தான் வந்துது. ஏன்னா அவர் காயை விக்கலை, மரத்தைக் குத்தகைக்கு விட்டார். தை மாசம் பிஞ்சு இறங்கும்போதே வியாபாரி வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்து, மரத்துக்கு ஆயிரம்னு முன்பணம் கொடுத்துட்டுப் போயிடுவார். பொங்கல் செலவு, கடன், கல்யாணம், எதுக்காவது அந்தக் காசு ஆகிடும். அப்புறம் சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் காய் இறக்குறது எல்லாம் வியாபாரி ஆள்தான். வருஷத்துக்கு 11,000. அந்தக் கணக்குல பார்த்தா 1,65,000ங்கிறது பதினஞ்சு வருஷ வருமானம். பதினஞ்சு வருஷக் காசு ஒரே நாள்ல கைக்கு வந்தா எவன்தான் வேணாம்பான்?

ஆக, அந்த மரத்தை வாளால வெட்டினது வியாழக்கிழமைதான். பிஞ்சுலேயே குத்தகைக்கு விட்டு, அதோட மதிப்பைப் பாதிக்கும் கீழே நாமே இறக்கி வச்சது எத்தனையோ வருஷம் முன்னாடி. எங்க பக்கம் பலா மரம் சாயிற இடத்துல எல்லாம் போய் விசாரிச்சுப் பாருங்க. பெரும்பாலும் குத்தகை மரமாத்தான் இருக்கும்.

நான் யோக்கியன்னு சொல்ல வரலை. நானும் விட்டவன்தான். 2019ல எங்க கிணத்தடி மரத்தை 1,200க்கு விட்டேன். அந்த வருஷம் என் சின்ன மவன் சும்மா விளையாட்டா, இறக்குற காயை எல்லாம் சுவத்துல கரியால கோடு போட்டு எண்ணிக்கிட்டே வந்தான். கடைசியில பார்த்தா 58 கோடு. காய்க்கு 60ன்னு வச்சாலும் 3,480. அந்தச் சுவத்துக்கு இன்னும் நான் சுண்ணாம்பு அடிக்கலை. வருஷா வருஷம் வியாபாரி முன்பணத்தோட வரும்போது அந்தக் கோட்டைப் பார்த்துக்குவேன். அதுக்கப்புறம் பிஞ்சுல நான் மரத்தைப் பேசினது கிடையாது.

வியாபாரியைத் திட்டி எழுதுறேன்னு நினைக்காதீங்க. அவருக்கும் நட்டம் உண்டு. பெருங்காத்து அடிச்சா, காய்ல துளைப்பான் விழுந்தா, சந்தையில ஒரே நாள்ல லாரி குவிஞ்சா அவர் தலையிலதான் விழும். அந்த ஆபத்துக்கு அவர் விலை வைக்கிறார். நம்ம அவசரத்துக்கும் சேர்த்து வைக்கிறார். ஆபத்தை நாம தாங்கத் தயாரா இல்லைன்னா லாபத்தைக் கேக்கவும் முடியாது. இதை ஒத்துக்கிட்டுத்தான் பேசணும்.

அடுத்தது "கிழட்டு மரம்" பேச்சு. பலா என்ன கத்திரிச் செடியா, ரெண்டு வருஷத்துல பிடுங்கிப் போட? வருஷம் முழுக்க பச்சையா நிக்கிற மரம். பல தலைமுறை பார்க்கும். மாவும் முந்திரியும் கிளை நுனியில காய்க்கும். பலா அடித்தண்டுலயும் பெருங்கிளையிலயும் காய்க்கும். மரம் பருக்கப் பருக்கத்தான் அது தாங்குற காயும் பெருக்கும். வயசான மரத்துல வேருக்குப் பக்கத்துல, மண்ணை வெடிச்சுக்கிட்டு வர்ற காயை நீங்களே பார்த்திருப்பீங்க. எங்க ஆயா அந்தக் காயை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டாங்க. அதைக் கொல்லையிலேயே அறுத்து, வந்தவங்க எல்லாருக்கும் கையில எண்ணெய் தடவிச் சுளை எடுத்துக் கொடுப்பாங்க.

காய்ப்பு குறைஞ்ச மரம் உண்டுதான். அதுக்குக் காரணம் வயசு மட்டும் இல்லை. பத்து வருஷமா ஒரு கூடை எரு வைக்காம, காய்ஞ்ச குச்சியைக் கழிக்காம, அறுத்த காய்க் காம்பை அப்படியே விட்டு, அடித்தண்டுல துளைப்பான் ஓட்டை போட்டு மரத்தூள் கொட்டுறதைக் கூடப் பார்க்காம இருந்தா எந்த மரம் காய்க்கும்? குத்தகை மரத்துக்கு யாரும் எரு வைக்க மாட்டாங்க. குத்தகைக்காரர் வைக்க மாட்டார், மரம் அவருது இல்லை. சொந்தக்காரரும் வைக்க மாட்டார், காய் அவருது இல்லை. நடுவுல மரம் பட்டினி கிடக்கும். அப்புறம் "கிழட்டு மரம்"னு பேர் வச்சு வெட்டிடுவோம்.

இப்ப அந்த "ஒண்ணரை வருஷத்துல காய்க்கும்" பேச்சுக்கு வர்றேன். இதுல எனக்கு அனுபவம் இருக்கு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

30.12.2011 அன்னைக்குத் தானே புயல் எங்க மாவட்டத்தை அடிச்சுது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு. விடிஞ்சு பார்த்தா பண்ருட்டி பக்கம் பூராவும் முந்திரியும் பலாவும் வேரோட மல்லாந்து கிடந்துது. தாத்தா வச்சது, அப்பா வச்சது, எல்லாம் ஒரே காலையில. எங்க கொல்லையில 14 மரத்துல நாலுதான் நிமிர்ந்து நின்னுது, மூணு சாய்ஞ்சு நின்னுது. அந்த மூணும் உசுரோட இருந்துது. ஒரு பக்க வேர் மண்ணுலதான் இருந்துது, கிளையைக் கழிச்சு முட்டுக் கொடுத்திருந்தா பிழைச்சிருக்கும். பக்கத்து ஊர்ல அப்படிப் பிழைச்ச மரத்தை இன்னைக்கும் காட்ட முடியும். ஆனா பொண்ணுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டியிருந்துது. விழுந்த மரத்தோட சேர்த்து அந்த மூணையும் தரகருக்குக் கொடுத்துட்டேன். மச்சானைப் பத்தி எழுதிட்டு இதை மறைச்சா அது நியாயம் இல்லை.

அதுக்கு அடுத்த வருஷம், வண்டியில கன்னு கொண்டு வந்து வித்தவங்ககிட்ட 20 ஒட்டுக்கன்னு வாங்கினேன், கன்னு 200 ரூபாய்னு. வண்டியில பெரிய படம் ஒட்டியிருந்துது. இடுப்பளவு செடியில எட்டுக் காய் தொங்குற படம். "ரெண்டாவது வருஷம் காய், வருஷம் முழுக்கக் காய்" அப்படின்னாங்க. ஏழு கன்னு முதல் கோடையிலேயே போச்சு. மூணு கன்னுல ஒட்டுக்கு மேல பட்டுப்போய் அடியில இருந்து தளிர்த்துது. அது வேர்ச்செடி, அது என்ன சாதின்னே தெரியாது. மீதி பத்துல காய்ச்சது ஆறு, அதுவும் ஆறாவது வருஷம். சுளை வெளுப்பா, தண்ணி மாதிரி. எங்க வீட்டு ஆடுதான் விரும்பித் தின்னுது. வித்தவர் போனுக்குப் போட்டேன், அந்த நம்பர் உபயோகத்துல இல்லை.

இதனால ஒட்டுக்கன்னே மோசம்னு சொல்ல வரலை. அது நேர்மையான பேச்சும் இல்லை. உண்மையைச் சொல்லணும்னா, பலா வேற மரத்துப் பூந்தாதை வாங்கிக் காய்க்கிற மரம். நல்ல பழத்துக் கொட்டையைப் போட்டா அதே பழம் வரும்னு உறுதி கிடையாது. தாய் தேனா இருக்கும், பிள்ளை சப்புன்னு இருக்கும். காய்க்கவும் ஏழெட்டு வருஷம் ஆகும். விக்கிறதுக்குன்னு தோப்பு வைக்கிறவர், ஒரே மாதிரி சுளை வேணும்னா, ஒட்டுத்தான் வைக்கணும். அது நாலஞ்சு வருஷத்துல காய்க்கும். ஆனா ஒட்டு வாங்கும்போது கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு இருக்கு. "தாய் மரம் எங்க நிக்குது?" அதைக் காட்டத் தெரியாதவர்கிட்ட கன்னு வாங்காதீங்க. நம்ம பக்கத்துலேயே பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பண்ருட்டி வட்டாரத்து மரத்துல இருந்தே பொறுக்கி எடுத்த பாலூர் 1, பாலூர் 2 ரகம் அங்க இருந்து வந்ததுதான். நம்ம செம்மண்ணுக்கும் நம்ம வெயிலுக்கும் பழகின சாதி. அது இல்லைன்னா உங்க ஊர்லயே நல்ல மரம் எதுன்னு உங்களுக்குத் தெரியும். அதுல இருந்து ஒட்டுக் கட்டச் சொல்லி வாங்குங்க. வியட்நாம் கன்னு வியட்நாம்ல நல்லாவே காய்க்கலாம். வண்டியில வர்றது உண்மையிலேயே அந்தச் சாதிதானான்னு யார் பார்த்தது?

நான் எதிர்க்கிறது ஒட்டுக்கன்னை இல்லை. காய்க்கிற மரத்தை வெட்டிட்டு அந்த இடத்துல படத்தைப் பார்த்துக் கன்னு வைக்கிறதைத்தான் எதிர்க்கிறேன். கன்னு வைக்கணுமா, காலி இடத்துல வைங்க. அது காய்ச்சு, நீங்க தின்னு பார்த்து, நாலு வருஷம் நின்னு காட்டட்டும். அப்புறம் பழைய மரத்தைப் பத்திப் பேசலாம்.

பெரியவங்க ஒரு பழமொழி சொல்வாங்க, நாளைக்குக் கிடைக்கிற பலாக்காயை விட இன்னைக்குக் கிடைக்கிற களாக்காய் மேல்னு. அன்னைக்கு வியாழக்கிழமை கூட ஒருத்தர் இதைத்தான் சொல்லி மச்சான் செஞ்சது சரின்னார். ஐயா, கொஞ்சம் நிதானமா யோசிங்க. இன்னைக்கு நம்ம கையில இருக்கிறதே பலாக்காய். நாம வாங்கிக்கிட்டு வர்றதுதான் களாக்காய். பழமொழியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு மரத்தை வெட்டுறோம்.

பூ உதிராம இருக்க மருந்துன்னு கடையில ஒண்ணு விக்கிறாங்க, அதையும் இதோட சொல்லிடறேன். பலாவுல ஆண் பூ வேற, பெண் பூ வேற, ரெண்டும் ஒரே மரத்துல வரும். ஆண் பூ மெல்லிசுக் காம்புல, வழவழப்பா, விரல் பருமன்ல இருக்கும். மகரந்தம் கொட்டினதும் அது வேலை முடிஞ்சுது. கறுத்துப் பூசணம் பூத்துக் கீழே விழும். விழுந்துதான் ஆகணும். அதைப் பார்த்துப் பிஞ்சு கொட்டுதுன்னு பதறி மருந்து வாங்கி அடிக்கிறவங்க எங்க ஊர்லயே இருக்காங்க. காயாகுறது தடிச்ச காம்புல வர்ற பெண் பூதான். கறுத்து விழுந்த ஆண் பூவைப் பொறுக்கி எட்டப் போட்டா நல்லது, அந்தப் பூசணம் பிஞ்சுல ஒட்டாது. அதுக்குக் காசு செலவு இல்லை.

மூணாவது, தைலமரம். மனசைத் தொட்டுச் சொல்லுங்க, தைலமரத்துக்கு அடியில என்ன முளைக்குது? பலாவுக்கு அடியில நிழல் இருக்கு. பழுத்து விழற இலை மண்ணுல மக்கும். பச்சை இலை ஆட்டுக்குத் தீவனம். எங்க வீட்டுல கோடைக்கு நாலு ஆடு பலா இலையிலதான் ஓடுது. மூசு சமைக்கலாம், கறி மாதிரி இருக்கும். வடநாட்டுல அதைக் காய்கறியாவே எடை போட்டு விக்கிறாங்க. பழம் இருக்கு. கொட்டையைச் சுட்டும் தின்னலாம், கத்திரிக்காய் போட்டுக் குழம்பும் வைக்கலாம். மண்ணுல புதைச்சு வச்சா ஆவணி வரைக்கும் வச்சுத் தின்னுவாங்க எங்க ஆயா. சடையும் தோலும் மாட்டுக்கு. கடைசியா மரம் தானா ஓய்ஞ்ச பிறகு கட்டை. பண்ருட்டிப் பலாக்கட்டையிலதான் மிருதங்கம் கடையறாங்க. தவிலுக்கும் பலாதான். தஞ்சாவூர் வீணையும் பலா மரத்துல செய்யறதுதான். அறுக்கும்போது மஞ்சளா இருக்கிற கட்டை நாளாக நாளாகச் செவந்து பழுப்பாகும், கரையான் சுலபத்துல தொடாது. எங்க வீட்டு வாசக்கால் பலாதான், அறுபது வருஷம் தாண்டியாச்சு.

கட்டைக்கு வெட்டவே கூடாதுன்னு நான் சொல்லலை. மிருதங்கத்துக்கு மரம் வேணும்தான். ஓய்ஞ்ச மரம் இருக்கு, காத்துல விழுந்த மரம் இருக்கு, வீடு கட்டற இடத்துல தவிர்க்க முடியாம நிக்கிற மரம் இருக்கு. பிஞ்சு தொங்குற மரத்தை வெட்டித்தான் மிருதங்கம் செய்யணும்னு எந்த வித்வானும் கேக்கலை.

இலங்கையில என்ன செஞ்சாங்க தெரியுமா? போன நூற்றாண்டு ஆரம்பத்துல, பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ்னு ஒருத்தர், ஜனங்க பசியில சாகக் கூடாதுன்னு ஊர் ஊராப் பலா நடச் சொல்லி ஒரு இயக்கமே நடத்தினார். சிங்களத்துல பலாவுக்குக் கொஸ்னு பேர். அவரை ஜனங்க "கொஸ் மாமா"ன்னே கூப்பிட்டாங்க. அங்க பலாவைச் சோத்து மரம்னு சொல்றதும் உண்டு, அரிசி இல்லாத நாள்ல அவிச்ச பலாக்காய்தான் சோறு. 1951ல ஒரு சட்டமே போட்டாங்க. பலா, ஈரப்பலா, பெண் பனை, இந்த மூணையும் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு. நம்ம நாட்டுல கேரளா 2018ல பலாவை மாநிலப் பழமா அறிவிச்சுது. நமக்கும் அதுதான் மாநிலப் பழம்னு பிள்ளைங்க பாடத்துல படிக்குது. மாநிலப் பழத்தை லாரியில ஏத்தி அனுப்பிட்டு, பிள்ளைங்களைப் படம் வரையச் சொல்றோம்.

இங்கயும் அப்படி ஒரு சட்டம் வேணும்னு நான் கேக்கலை. சட்டம் போட்டா என் சொந்த மரத்துல ஒரு கிளை கழிக்கக் கூட நான் ஆபீஸ் வாசல்ல நிக்கணும். வேலியில நட்ட மரத்துக்கே அனுமதி வாங்கணும்னா அப்புறம் ஒருத்தனும் புதுசா நடவும் மாட்டான். எனக்கு வேண்டியது வேற. பழத்தை எடை போட்டு வாங்குற இடம் ஒண்ணு வேணும். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கு. பலாவுக்கு ரோட்டோரம்தான். எட்டுக் கிலோ காயும் பதினெட்டுக் கிலோ காயும் கண் பார்வையிலதான் விலை. பழுத்தா ரெண்டு மூணு நாள்ல வித்தாகணும், இல்லைன்னா ஈ மொய்ச்சிடும். வச்சு விக்க ஒரு குளிர் அறை கிடையாது. மதிப்புக்கூட்டல் பயிற்சின்னு கூப்பிட்டாங்க, நான் போயிருக்கேன். சிப்ஸ், அல்வா, ஐஸ்கிரீம்னு படம் காட்டினாங்க, டீயும் கொடுத்தாங்க. "ஐயா, மெஷின் யார் வாங்குறது, செஞ்சா யார் எடுத்துக்குவா"ன்னு கேட்டேன். அடுத்த படத்துக்குப் போயிட்டாங்க.

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறதைச் செய்யலாம். நான் செய்யறதைச் சொல்றேன்.

பிஞ்சுல மரத்தைப் பேசுறதில்லை. அவசரப் பணம் வேணும்னா ரெண்டு ஆட்டை விக்கிறேன். கொத்துல நெருக்கிப் பிடிச்ச பிஞ்சை மாசியிலேயே கழிச்சு மூசாவே வித்துடறேன், அதுக்கும் டவுன்ல ஆள் இருக்கு. மிச்சக் காய் பெரிசா வருது. முள்ளு அகன்று படிஞ்சு, தட்டினா "டொப்பு"ன்னு மந்தமான சத்தம் வந்தாத்தான் இறக்குறேன். இறக்கும்போது கயிறு கட்டி இறக்குறேன், கீழே போட்டா விழுந்த பக்கம் அழுகும். பக்கத்துக் கொல்லைக்காரங்க மூணு பேரோட சேர்ந்து ஒரே வண்டியில ஏத்துறோம், வாடகை பங்காகிடுது. போன வருஷம் இந்த முறையில காய்க்குச் சராசரி 85 ரூபாய் நின்னுது. ஒரு மழை நாள்ல நட்டமும் ஆச்சு, அதையும் மறைக்கலை.

புதுசா நடறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தண்ணி தேங்குற இடம் பலாவுக்கு ஆகாது, மேட்டு நிலம் வேணும். மூணடிக்குக் குறையாம குழி, மக்கின எரு, மரத்துக்கு மரம் 26 அடியாவது இடைவெளி. வீட்டுத் தேவைக்குக் கொட்டை போடறதுன்னா, நல்ல பழத்துல பெரிய கொட்டையா எடுத்துக் கழுவி, அந்த வாரமே குழியிலேயே ரெண்டு மூணு ஊனிடுங்க. காய வச்சு வச்சிருந்தா ஒரு மாசத்துல முளைப்பு போயிடும். பையில ரொம்ப நாள் வச்சா ஆணிவேர் சுருண்டுக்கும், அப்புறம் காத்துக்கு நிக்காது. முளைச்சதுல திடமான ஒண்ணை விட்டுட்டு மீதியைக் கிள்ளிடுங்க. முதல் மூணு கோடைக்குத் தண்ணி, சுத்தி முள் வேலி. ஆடு ஒரு கடி கடிச்சா ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம் மரம் தன்னைத்தானே பார்த்துக்கும், நாம எருவும் கவனமும் மட்டும் கொடுத்தாப் போதும்.

வெள்ளிக்கிழமை காலையில மச்சான் எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்தார். எப்பவும் வர்றவர்தான். காப்பி குடிச்சார். கொஞ்ச நேரம் கழிச்சு, "கொல்லையில நிக்க முடியலப்பா, வெயில் அடிக்குது" அப்படின்னார். நான் ஒண்ணும் சொல்லலை. எங்க கிணத்தடி மரத்துல இந்த வருஷம் முதல்ல பழுக்கிற காயை அவருக்குத்தான் கொடுக்கப் போறேன். சுளையைத் தின்னுட்டுக் கொட்டையைத் தூக்கிப் போடாம இருந்தா சரி.

உங்க கொல்லையில காய்க்கிற பலா நின்னா, இந்த வருஷம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. தரகர் வர்றதுக்கு முன்னாடி, சுவத்துல கோடு போட்டுக் காயை எண்ணுங்க. எண்ணி முடிச்சுட்டு அப்புறம் வெட்டுறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க.

அடுத்த வாரம் மல்லாட்டை.